முயலும் குலமும்

முயல் என்னும் சொல் தமிழில் மிகப் பழமையானது. வள்ளுவர் படைச்செருக்கில் காட்டிய கானத்து முயலும், திங்களின் மறுவில் முன்னோர் கண்ட முயலும், இல்லாத பொருளுக்கு எடுத்துக்காட்டாகத் தருக்க நூலார் கூறிய கொம்புடைய முயலும் நம் முன்னோர் புதர்க்காடுகளில் ஓடக் கண்ட காட்டுமுயலே. இன்று கடைகளில் கூண்டுக்குள் அமர்ந்து புல் மெல்லும் முயலோ வேறொரு சிற்றினம். அதன் தாயகம் ஐரோப்பாவின் தென்மேற்கு மூலை. காட்டுமுயலின் குட்டி உடல் முழுதும் மயிரோடும் திறந்த கண்களோடும் பிறக்கும். வளர்ப்பு முயலின் குட்டி மயிரின்றிக் கண் மூடிப் பிறந்து, பத்துப் பன்னிரண்டு நாள் கழித்தே உலகைப் பார்க்கும். முன்னதன் உயிரணுவில் 48 குரோமோசோம்கள், பின்னதற்கு 44. இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கத் தமிழ் இடந்தந்தாலும் இயற்கை அவற்றை ஒன்றாக்க இடந்தரவில்லை. பழுப்பு நிற வளர்ப்பு முயலைக் காட்டி, “இது காட்டுமுயலின் கலப்பு” என்று விற்பவர் முயற்கொம்பையே விற்கிறார்.

ஆனால் வளர்ப்பு முயல்கள் தமக்குள் கலப்பதற்குத் தடை ஏதும் இல்லை. ஆறு கிலோகிராம் நிறையைத் தொடும் ஃபிளெமிஷ் பெருமுயலும், ஒரு கிலோகிராம் அளவே உள்ள நெதர்லாந்துக் குள்ளமுயலும், நீண்ட மயிர் தொங்கும் அங்கோராவும், வெல்வெட்டுத் துணிபோல் மயிர் குட்டையான ரெக்ஸும் ஒரே சிற்றினத்தின் பல இனங்கள். இவை ஒன்றோடொன்று சேர்ந்து ஈனும் குட்டிகளைப் பார்த்து, “இது எந்த இனம்?” என்று கேட்போர்க்கு நேர்மையான விடை பெரும்பாலும் ஒன்றுதான்: கலப்பினம். அந்த விடையை வாங்குவோரும் விரும்புவதில்லை, விற்போரும் விரும்புவதில்லை. காது சற்றே சாய்ந்திருந்தால் ‘லாப்’. மயிர் சற்றே நீண்டிருந்தால் ‘அங்கோரா’. உடல் சிறுத்திருந்தால் ‘குள்ளம்’. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார் கதைதான். பெயர் ஏற ஏற விலையும் ஏறுகிறது.

தோற்றத்தைக் கொண்டு எதையுமே அறிய முடியாது என்பதன்று. ஒரு காது நிமிர்ந்தும் மறு காது சாய்ந்தும் நிற்குமானால், குருதியில் தொங்குகாது இனம் ஒன்று கலந்திருக்கக்கூடும் என ஊகிக்கலாம். மூக்கும் காதும் கால்களும் வாலும் மட்டும் கறுத்து, எஞ்சிய உடல் வெளுத்திருந்தால் இமாலய நிறத்துக்குரிய மரபணு அங்கே இருக்கிறது. அந்த மரபணு உருவாக்கும் நொதி உடலின் குளிர்ந்த முனைகளில் மட்டுமே செயற்பட்டுக் கருமையைத் தருவது. எனினும் இவையெல்லாம் தனித்தனி மரபணுக்களின் அடையாளங்களே அன்றிக் குலத்தின் முத்திரைகள் அல்ல. இமாலய நிறம் இமாலய முயலுக்கும் உண்டு; கலிஃபோர்னிய முயலுக்கும் உண்டு; தாய் தந்தை அறியப்படாத சந்தை முயலுக்கும் உண்டு.

கண்ணுக்குத் தெரியாமல் ஒடுங்கிக் கிடக்கும் பண்புகளே கலப்பினத்தின் உண்மையான வியப்பு. ரெக்ஸ் முயலைச் சாதாரண மயிருள்ள முயலோடு சேர்த்தால், அச்சாதாரண முயலிடம் ரெக்ஸ் மரபணு மறைந்திராத வரையில், பிறக்கும் குட்டிகள் யாவும் சாதாரண மயிரோடே பிறக்கும். ரெக்ஸின் குருதி அங்கே இருக்கிறது என்று எந்த வல்லுநரும் தொட்டுப் பார்த்துச் சொல்ல இயலாது. அக்குட்டிகள் வளர்ந்து தமக்குள் சேரும்போதோ, நான்கில் ஒன்று என்னும் கணக்கில் வெல்வெட்டு மயிர் மீண்டும் தோன்றும். செங்கண் வெண்முயலின் கதை இன்னும் விந்தையானது. அதன் வெண்மை நிறமின்மையேயன்றி ஒரு நிறமன்று. கறுப்பு, பழுப்பு, புள்ளி என எந்த நிறத்துக்குரிய மரபணுவும் அந்த வெண்மையின் கீழ் மறைந்திருக்கலாம். பெற்றோர் வாய்திறந்து சொல்லாததை ஈற்றில் வரும் குட்டிகளே சொல்கின்றன. ஆதலால் முயல் வளர்ப்பில் தேர்ந்தவர், முயலின் முகத்தைப் பார்ப்பதைவிட, அது முன்னர் ஈன்ற குட்டிகளின் குறிப்பேட்டைப் பார்க்கவே விரும்புவர்.

குள்ளத்தன்மையின் செய்தியோ வியப்போடு முடிவதில்லை. குறுமையைத் தரும் மரபணு ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்தால், உருண்டைத் தலையும் குட்டைக் காதும் உடைய அழகிய முயல் பிறக்கிறது. இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால், அக்குட்டி கடலைப் பருப்பளவு நலிந்து பிறந்து சில நாள்களில் இறந்துபோகிறது. குள்ளமும் குள்ளமும் சேர்ந்தால் சராசரியாக நான்கில் ஒரு குட்டிக்கு இந்த முடிவு. 2017ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு, ஒரு மரபணுப் பகுதியில் ஏறத்தாழ 12,100 எழுத்துகள் விடுபட்டிருப்பதே இதற்குக் காரணம் எனக் காட்டியது. அழகு என்று விலை பேசப்படும் குறுமை, ஓர் இழப்பிலிருந்து பிறந்தது. அம்மரபணுவைப் பெறாத குட்டியோ, அதே ஈற்றில் பிறந்தும் பெரிதாக வளர்கிறது. கலப்பின ஈற்றில் எந்தக் குட்டி எவ்வளவு வளரும் என்று சில வார வயதில் உறுதி கூறுவது எளிதன்று. “இதற்குமேல் வளராது” என்னும் சொல்லை நம்பிச் சிறுகூண்டு வாங்கியவர் வீட்டில், ஆறு திங்களில் மூன்று கிலோகிராம் முயல் உடம்பைத் திருப்ப இடமின்றிக் கிடக்கிறது. பின்னர் அது பூங்காவிலோ சாலையோரப் புல்வெளியிலோ விடப்படுவதும் உண்டு. பகைவிலங்கை அறியாத அவ்வுயிர் அங்கே நெடுநாள் வாழ்வதில்லை.

கலப்பினக் குட்டிகள் பல யாரும் எண்ணிப் பிறப்பவை அல்ல. இளங்குட்டிகளில் ஆண் பெண் பிரித்தறிவது கடினம். இரண்டும் பெண் என்று வாங்கி வந்தவர், ஒருநாள் காலையில் தாய் தன் மார்பு மயிரைப் பிய்த்துக் கூடு கட்டுவதைக் கண்டு திகைக்கிறார். சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள்களே. ஈன்ற அன்றே மீண்டும் சினையாகும் ஆற்றலும் தாய்க்கு உண்டாதலின், ஆண் முயலை உடனே பிரிக்காவிடில் அடுத்த திங்களே மற்றோர் ஈற்று. தாய் நாளுக்கு ஒருமுறை மட்டும் சில நிமிடங்கள் பாலூட்டிவிட்டு அகல்வதைக் கண்டு, குட்டிகளைக் கைவிட்டுவிட்டது எனக் கலங்குவோரும் உளர். அது அதன் இயல்பு. நம் நாட்டின் வெப்பம்தான் உண்மையான இடர். வியர்த்துக் குளிர்ச்சி பெறும் வழி முயலுக்கு இல்லை. காதின் வழியே சூட்டை வெளியேற்றுகிறது. அங்கோராக் குருதி கலந்த அடர்மயிர்க் குட்டியை மலேசிய நண்பகலில் தகரக் கூரையின் கீழ் வைப்பது கொடுமை.

எண்ணிச் செய்யும் கலப்பும் இடர் நீங்கியதன்று. நெதர்லாந்தில் அட்ரியான் டி காக் என்பவர், தொங்குகாதும் சிற்றுடலும் ஒருங்கே அமைந்த முயலை உருவாக்க விரும்பினார். 1949இல் பெரிய ஃபிரெஞ்சு லாப் ஆணைச் சிறிய குள்ளப் பெண்ணோடு சேர்த்தார். குட்டிகள் தாயின் உடலுக்கு மிஞ்சிப் பெருத்தன. குட்டிகளோடு தாயும் இறந்தது. மறு ஆண்டு முறையை மாற்றிக் குள்ள ஆணையும் பெரிய பெண்ணையும் சேர்த்தார். குட்டிகள் பிழைத்தன, ஆனால் ஒன்றன் காதும் தொங்கவில்லை. தொங்குகாதுப் பண்பு ஒடுங்கிவிட்டது. 1951இல் ஆங்கில லாப் ஒன்றைக் கொணர்ந்து சேர்த்தபோது, ஒன்றன் காது தொங்கியும், சிலவற்றின் காது அரைகுறையாகச் சாய்ந்தும், சிலவற்றின் காது நிமிர்ந்தும் குட்டிகள் பிறந்தன. சந்தையில் கண்டால் ‘என்ன இனமோ’ என்று ஒதுக்கத்தக்க குட்டிகள் அவை. 1964இல் அவற்றின் வழித்தோன்றல்கள் ஹாலந்து லாப் என்னும் பெயரில் அந்நாட்டில் ஏற்கப்பட்டன.

அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கத்தின் கண்காட்சியில் கலந்துகொள்ள இன்றும் குலச்சீட்டுத் தேவையில்லை; இனத்துக்கு வகுத்த உருவ இலக்கணத்தோடு முயல் பொருந்தினால் போதும். பதிவு பெற வேண்டுமானால்தான் மூன்று தலைமுறைப் பெயர்ப்பட்டியல் கேட்கப்படும். அப்படிப் பட்டியலுள்ள ஹாலந்து லாப் இணைக்கும் சில ஈற்றில் உரிய அளவை மீறி வளரும் குட்டி ஒன்று பிறக்கிறது; அதனருகே, கூட்டின் மூலையில், கடலைப் பருப்பளவான குட்டி ஒன்றும் கிடக்கிறது.