கண்மாய்க்கரைப் பள்ளிக்கூடம்

மதுரைக்குப் போகிறவர்கள் பார்த்துவிட்டு வரவேண்டியவை என்று ஒரு ஜாபிதா எல்லார் வீட்டிலும் உண்டு. மீனாட்சியம்மன் கோவில், திருமலை நாயக்கர் மஹால், அழகர் கோவில்; நேரம் மிஞ்சினால் ஒரு ஜிகர்தண்டா; ரயிலடிக்குத் திரும்பும்போது நாலு முழம் மல்லிகை. அந்த ஜாபிதாவில் இல்லாத ஒரு மதுரைக்கு இந்த வாரம் உங்களை அழைத்துக்கொண்டு போக உத்தேசம். கூட வருகிறவர்கள் பன்னிரண்டு உபாத்தியாயினிகள். பிள்ளைகள் கிடையாது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போவதற்கு முன்னால் டீச்சர்கள் போய்ப் பார்த்து வரவேண்டாமா என்று தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை காலை வேன் அமர்த்திக் கிளம்பியவர்கள் அவர்கள்.

சுற்றுச்சூழல் பாடம் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் கட்டாயம் இருக்கவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 1991-ல் சொல்லி, 2003-ல் மறுபடியும் அழுத்திச் சொன்னது. 2001-ல் தேசிய பசுமைப் படை என்று மத்திய சர்க்கார் ஒரு திட்டம் தொடங்கியது. அதன்படி பள்ளிகளில் சங்கங்கள் ஏற்பட்டன. அகமதாபாத்தில் 1984-லிருந்து ஒரு சுற்றுச்சூழல் கல்வி மையமும், சென்னையில் 1989-லிருந்து ஸி. பி. ராமஸ்வாமி ஐயர் பெயரில் ஒரு மையமும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகின்றன. ஆக, புத்தகத்துக்குக் குறைவில்லை. ஆனால் "நீர்நிலைகளைப் பாதுகாப்போம்" என்று கரும்பலகையில் எழுதுகிற டீச்சரம்மாள் ஒரு கண்மாயின் கரையில் ஏறி நின்றிருக்கிறாரா? ஏறி நின்றவர் சொல்லும் பாடம் வேறு, நிற்காதவர் சொல்லும் பாடம் வேறு என்பது அன்றைக்கு நான் கண்ணால் கண்ட விஷயம்.

முதல் நிறுத்தம் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். நாயக்கர் மஹால் கட்டச் செங்கல்லுக்கு மண் எடுத்த பள்ளம் இது, அப்படி வெட்டும்போதுதான் முக்குறுணிப் பிள்ளையார் அகப்பட்டார் என்ற கதை பன்னிரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. "சரி, இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்று கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார். மழைத் தண்ணீர் என்றார் ஒருவர். கார்ப்பொரேஷன் லாரி என்றார் இன்னொருவர். எல்லாரும் சிரித்தோம். ஆனால் அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. தெப்பத் திருவிழாவுக்கு எப்படியாவது தண்ணீர் நிரப்பவேண்டுமே என்று கவலைப்பட்ட வருஷங்கள் பல. வைகையிலிருந்து பனையூர்க் கால்வாய் வழியாக வரவேண்டிய தண்ணீர், கால்வாய் தூர்ந்துபோனதால் வராமல் நின்றது. அதைச் சீர்செய்த பிறகு சமீப வருஷங்களில் குளம் நிரம்பிக் கிடக்கிறது. குளத்தைப் பாதுகாப்பது என்றால் அதன் படிக்கட்டைப் பெருக்குவது என்று நினைத்திருந்தவர்கள் அங்கே ஒரு நிமிஷம் பேசாமல் நின்றார்கள். குளத்தின் உயிர் குளத்தில் இல்லை, எங்கேயோ குப்பை மண்டிக் கிடக்கும் ஒரு வாய்க்காலில் இருக்கிறது!

அங்கிருந்து ஊருக்குள் போகும்போது வேனிலேயே ஒரு விளையாட்டு. குளம், ஏரி, ஊருணி என்று முடிகிற பேட்டைப் பெயர்களைச் சொல்லவேண்டும். தல்லாகுளம், பீபிகுளம், ஆத்திகுளம், உலகனேரி என்று வரிசையாக வந்து விழுந்தன. அந்தக் குளத்தில் யார் கால் நனைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதும் சத்தம் அடங்கிவிட்டது. பெயர் இருக்கிறது, தண்ணீர் இருந்த இடத்தில் தெருவும் வீடும் ஆபீஸும் இருக்கின்றன. உங்கள் ஊரிலும் இந்த விளையாட்டை ஆடிப் பாருங்கள். சங்கடமான விளையாட்டுத்தான்.

இந்த இடத்தில் ஒரு ஸ்காட்லாந்துக்காரரைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. பாட்ரிக் கெட்டிஸ் என்று பெயர். தாவர சாஸ்திரப் பேராசிரியராக இருந்து, ஊர் அமைப்பு நிபுணராக மாறியவர். எடின்பரோ நகரத்தில் 1892-ல் ஒரு பழைய கோபுரத்தை வாங்கி விசித்திரமான பள்ளிக்கூடம் ஆக்கினார். உச்சி மாடியில் நின்று முதலில் சொந்த ஊரைப் பார்க்கவேண்டும். கீழே இறங்க இறங்க ஒரு தளத்தில் ஸ்காட்லாந்து, அப்புறம் ஐரோப்பா, கடைசியில் உலகம். கோடை விடுமுறையில் அவர் நடத்திய வகுப்புகளுக்கு உபாத்தியாயர்கள் திரண்டு வருவார்களாம். வகுப்பில் பாதி தெருவிலும் தோட்டத்திலும்தான். இந்த மனிதர் இந்தியாவுக்கு அனுப்பிய நகரப் பொருட்காட்சியை, 1914-ல் எம்டன் கப்பல் நடுக்கடலில் மூழ்கடித்துவிட்டது. ஆமாம், சென்னையில் குண்டு போட்ட அதே எம்டன்தான்! நண்பர்கள் அவசர அவசரமாகப் புதிய படங்களைச் சேகரித்து அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னையில் பொருட்காட்சி நடந்தேறியது. பிறகு கெட்டிஸ் மதுரை உள்படப் பல ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். கொசு வருகிறது என்று குளங்களைத் தூர்க்கப் புறப்பட்ட அதிகாரிகளிடம், தூர்க்காதீர்கள், மீனும் வாத்தும் விடுங்கள், அவை கொசுப் புழுவைத் தின்றுவிடும் என்று வாதாடியவர் அவர். நூறு வருஷத்துக்கு மேலாயிற்று. யார் கேட்டார்கள்?

வேன் மேலூர் ரோட்டில் திரும்பியது. இடது பக்கம் யானைமலை, துதிக்கையை நீட்டிப் படுத்த யானை மாதிரியே. 2010-ல் இந்த மலையைச் சிற்பக் கலை நகரம் ஆக்கப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தபோது, அடிவாரத்து நரசிங்கம் கிராமத்தார் எதிர்த்து நின்றார்கள். யானை பிழைத்தது. அதையொட்டி எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் முன்னின்று தொடங்கிய 'பசுமை நடை', மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளுக்கும் சமணர் படுகைகளுக்கும் குடும்பம் குடும்பமாக ஜனங்களை அழைத்துப் போயிற்று. எங்கள் கூட்டத்தில் நாலு பேர் அந்த நடையில் போனவர்கள். அவர்கள் கொளுத்திய திரிதான் இந்தப் பிரயாணம்.

மதுரையிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டரில் அரிட்டாபட்டி. ஏழு குன்றுகள், சுனைகள், கண்மாய்கள். கழிஞ்சமலையின் ஒரு பக்கம் பாண்டியர் குடைந்த சிவன் கோவில். இன்னொரு பக்கம் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட தமிழி எழுத்தும் சமணர் படுக்கைகளும் தீர்த்தங்கரர் சிற்பமும். 2022 நவம்பரில் தமிழக அரசு இங்கே 193 ஹெக்டேரைப் பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்று அறிவித்தது. தமிழ்நாட்டிலேயே முதலாவது இதுதான். லகர் வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் மலைப் பொந்துகளில் வாழ்கின்றன. தேவாங்கும் எறும்புதின்னியும் மலைப்பாம்பும் உண்டு. நாங்கள் போன நேரம் எறும்புதின்னி எங்களைப் பார்க்க விரும்பவில்லை. வல்லூறு மட்டும் ஒரு சுற்றுச் சுற்றித் தரிசனம் கொடுத்தது.

கண்மாய்க்கரை ஏறினோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்து சேர்ந்தார்.

"டீச்சர்மாரா? எந்தூருப் பள்ளிக்கூடம் தாயி?"

"மதுரைங்க ஐயா. கண்மாய் பார்க்க வந்தோம்."

"கண்மாய் பாக்கவா?" அவர் ஒரு தடவை எங்களையும் ஒரு தடவை தண்ணீரையும் பார்த்தார். "சரி, அந்தா தண்ணிக்குள்ள ரெண்டு கல்லு நிக்குதுல்ல, அது என்னண்டு சொல்லுங்க பாப்போம்."

"பழைய மண்டபத் தூணா ஐயா?"

"மண்டபமா! மடை தாயி, மடை. ரெண்டு கல்லுக்கும் நடுவுல குச்சி இறங்கும். அடியில துவாரம். குச்சியத் தூக்குனா வயலுக்குத் தண்ணி போகும், இறக்குனா நிக்கும்."

பூகோள டீச்சர் நோட்டுப் புத்தகத்தை எடுத்துவிட்டார். அடுத்த அரைமணி நேரம் பெரியவர்தான் உபாத்தியாயர். மலையில் பெய்கிற மழை இறங்கிவரும் வரத்துக்கால். நிரம்பினால் மிச்சத்தை வெளியே விடும் கலுங்கு. அந்த மிச்சம் வீணாகாமல் அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும் மறுகால். அது நிரம்பினால் அதற்கடுத்த ஊர். மேல் வீட்டுக்காரி பானை நிரம்பியதும் கீழ் வீட்டுக்காரி பானைக்குத் தள்ளிவிடுவது போல. தமிழ்நாட்டில் இப்படிச் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் உண்டு. நடுவே ஒருத்தி பானையை உடைத்தால் கீழே உள்ளவர்கள் எல்லாருக்கும் தாகம்தான்.

அப்புறம் வந்தது மண் பரீட்சை. ஈர மண்ணை ஒரு பிடி எடுத்து, கற்களை நீக்கிப் பிசைந்து, பென்சில் கனத்துக்கு உருட்டவேண்டும். உருட்டவே வராமல் உதிர்ந்தால் மணல். உருண்டு, வளைக்கும்போது விரிசல் விட்டால் கலப்பு மண். விரிசல் இல்லாமல் வளையலாக மூடிக்கொண்டால் நல்ல களி. தண்ணீரை விடாது பிடித்துவைக்கும். கூட்டத்தில் மூத்தவர், இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்காரர், முதலில் கையில் சேறாகும் என்று ஒதுங்கியே நின்றார். கடைசியில் அவர் செய்ததுதான் அசல் வளையல். "இத்தனை வருஷமாகக் களிமண், மணல், வண்டல் என்று படம் போட்டே ஒப்பேற்றிவிட்டேன், ஒரு நாளாவது கையில் எடுத்ததில்லை" என்றார். அவர் முகத்தில் வெட்கமும் சந்தோஷமும் கலந்திருந்தன. (வீட்டில் தொட்டிச் செடி வைத்திருக்கும் சகோதரிகள் இந்தப் பரீட்சையை இன்றைக்கே செய்து பார்க்கலாம். வளையல் வந்தால் கொஞ்சம் மணல் கலக்கவேண்டும்.)

பத்து நிமிஷம் ஆளுக்கொரு மரத்தடியில் வாய் திறக்காமல் உட்கார்ந்து, காதில் விழும் சத்தங்களை ஒரு தாளில், வந்த திசைப்படி குறிப்பது அடுத்தது. பன்னிரண்டு டீச்சர்கள் பத்து நிமிஷம் பேசாமலிருப்பது சாமான்யமா? இருந்தார்கள். மீன்கொத்தி, தவளை, பனை ஓலை, தூரத்துப் பஸ் என்று தாள் நிறைந்தது. ஒருவர் தாளில் "ஹெட்மிஸ்ட்ரஸ் போன், மூன்று தடவை" என்றும் இருந்தது.

பெரியவர் புறப்படுமுன் மலையைக் காட்டி, "இதத்தான் கேட்டாக" என்றார். 2024 நவம்பரில் இந்த வட்டாரத்தில் 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலப்பரப்பில் டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட மத்திய சர்க்கார் ஏலம் விட்ட செய்தி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பாரம்பரியத் தலத்தின் நிலமும் அதற்குள் வந்தது. கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டசபையும் போட்டது. 2025 ஜனவரியில் விவசாயிகள் மதுரைக்கே ஊர்வலமாக வந்தார்கள். ஜனவரி 23-ந் தேதி ஏலம் ரத்து ஆயிற்று. எந்தச் சுனை எந்தக் கண்மாய்க்குத் தண்ணீர் கொடுக்கிறது என்று அந்த ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது. தெரியாதிருந்தால் எதற்காக நடந்திருப்பார்கள்? தல்லாகுளத்துக் குளம் போனபோது யாராவது நடந்தார்களா என்று விசாரித்துப் பார்த்தேன். சொல்ல ஆள் இல்லை.

கையால் செய்து கற்பது மேல்நாட்டுச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். மதுரைக்குத் தெற்கே டி. கல்லுப்பட்டியில் 1940-ல் ஏற்பட்ட காந்தி நிகேதன் ஆசிரமம் இருக்கிறது. 1937-ல் வார்தாவில் காந்திஜி முன்வைத்த ஆதாரக் கல்வி, தொழில் வழியாகப் படிப்பு என்ற அந்தக் கொள்கை, வேர் பிடித்த இடங்களில் அதுவும் ஒன்று. லண்டனில் கணக்கர் படிப்பும் அமெரிக்காவில் பொருளாதாரமும் படித்த ஜே. ஸி. குமரப்பா கடைசிக் காலத்தில் அங்கேதான் வாழ்ந்தார். 1960 ஜனவரி 30-ல் காலமானார். பூமிக்கடியில் இருக்கும் நிலக்கரியும் எண்ணெயும் எடுக்க எடுக்கத் தீரும். காடும் வயலும் ஆண்டுதோறும் வரவு கொடுக்கும். இந்த வரவில் வாழ்வதே நிலைக்கும் என்று 1945-லேயே எழுதியவர். நம் பாஷையில் சொன்னால், மாதச் சம்பளத்தில் குடித்தனம் செய்வதா, பெட்டியிலிருக்கும் நகையை விற்றுச் சாப்பிடுவதா என்கிற கேள்வி. இதற்குப் பதில் சொல்லப் பொருளாதாரப் பட்டம் வேண்டாம்.

சங்கடங்களும் இருக்கின்றன. சனிக்கிழமையை விட்டுக்கொடுக்க வீட்டில் சம்மதம் வேண்டும். பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து சமைத்து மூடிவைத்துவிட்டு வந்தவர்கள். பெண்கள் ஒதுங்க வழியில் இடமில்லை; வேனை நிறுத்தி முன்பின் தெரியாத ஒரு வீட்டில் கேட்டோம்; அந்த அம்மாள் மோரும் கொடுத்து அனுப்பினார். இலாகாக்காரர்கள் பயிற்சி என்றால் மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு நடத்துவதைத்தான் சௌகரியமாக நினைக்கிறார்கள். அவர்களையும் ஒரு நாள் கண்மாய்க்குள் இறக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

நீங்கள் போவதானால் நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். அப்போதுதான் வடகிழக்குப் பருவ மழை கண்மாய்களில் நிற்கும், வெயிலும் தாங்கும். தண்ணீரும் கட்டுச்சாதமும் கையோடு வேண்டும். பாறை வழுக்கும், ஆகையால் பிடிப்புள்ள செருப்பு அவசியம். கல்வெட்டின் மேல் சாக்பீஸ் தேய்த்துப் படிக்கவேண்டாம்.

போக முடியாதவர்கள் மொட்டை மாடியில் ஒரு வேலை செய்யலாம். நேர்ச்சுவராக உள்ள ஒரு டப்பாவை வெட்டவெளியில் வைத்து, மழை விட்டதும் ஸ்கேலால் அளக்கவேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடி ஏறக்குறைய 93 சதுர மீட்டர். மதுரையில் வருஷத்துக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் பெய்கிறது. பெருக்கினால் 79,000 லிட்டர் வரும். கணக்கு டீச்சர் இதை வேனிலேயே போட்டுவிட்டு, "எங்கள் தெருவில் லாரித் தண்ணீருக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறோம் தெரியுமா?" என்று ஆரம்பித்தார். ஒத்தக்கடை வரும்வரை அந்தப் பேச்சு ஓயவில்லை.