மெதுவாகப் பேசியவர்கள்

சென்னையை அடுத்த நூம்பலிலிருந்து ஒரு பெண் பிரெஞ்சு படிக்க வெளிநாடு போகிறாள் என்றால் பாரீஸுக்கு என்றுதான் அக்கம்பக்கத்தில் நினைப்பார்கள். நான் போனது ரீயூனியன் தீவுக்கு. மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரீஷியஸுக்குப் பக்கத்தில், 2,512 சதுர கிலோமீட்டரில் ஓர் எரிமலைத் தீவு. 1946 முதல் பிரான்சின் மாவட்டங்களில் ஒன்று. யூரோதான் பணம், பிரெஞ்சுதான் ஆட்சிமொழி. முதுகலைப் படிப்பின் ஒரு செமஸ்டருக்காகத் தலைநகர் சேன் தெனியில் உள்ள ரீயூனியன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன்.

நுங்கம்பாக்கத்தில் பிரெஞ்சு கற்றபோது ஆசிரியர் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி உச்சரிப்பார். சேன் தெனி வகுப்பறையில் அந்த நிறுத்தம் இல்லை. பேராசிரியர் பேசியதில் பாதி பிடிபட்டது, மீதி காற்றோடு போனது. வெளியே வந்தால் அந்தப் பாதியும் இல்லை. பேருந்திலும் சந்தையிலும் மக்கள் பேசுவது தீவின் பேச்சுமொழியான கிரெயோல். ஓர் அலுவலகத்தில் என் முகவரிச் சான்றை நீட்டினேன். அங்கிருந்தவர் ஏதோ கேட்டார். புரியவில்லை என்றேன். அதே வாக்கியத்தை இன்னும் உரக்கச் சொன்னார். மூன்றாம் முறை கேட்க வாய் வரவில்லை. தாளைச் சுருட்டிக்கொண்டு திரும்பினேன்.

வீட்டில் ஓயாமல் பேசுகிறவள் நான். அங்கே மெல்ல மெல்ல ஊமையானேன். மொழி தெரியாத இடத்தில் உங்கள் அறிவு யாருக்கும் தெரிவதில்லை, குணமும் தெரிவதில்லை. பேசத் தெரியாதவளை, சொல்ல ஒன்றும் இல்லாதவளாகவே ஊர் எடுத்துக்கொள்கிறது. இரவில் அம்மாவிடம் போனில் "நல்லா இருக்கேம்மா" என்று சொல்லிவிட்டு அழுதிருக்கிறேன்.

என்னை மீட்டவர் நான் தங்கியிருந்த வீட்டின் உரிமையாளர். பள்ளி உணவகத்தில் சமைத்து ஓய்வு பெற்றவர். தமிழ் வழிவந்தவர்களை அந்தத் தீவில் மல்பார் என்பார்கள். அவரும் ஒரு மல்பார். முதற்பெயர் பிரெஞ்சு, குடும்பப்பெயர் தமிழ். கப்பலில் வந்த பாட்டனின் சொந்தப் பெயரையே அதிகாரிகள் குடும்பப்பெயராகப் பதிந்ததால், வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போதுகூட ராமசாமியும் முத்துசாமியும் பிரெஞ்சு உச்சரிப்பில் கேட்கும். ஆனால் அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது. எனக்குக் கிரெயோல் தெரியாது. இருவருக்கும் நடுவே என் அரைகுறை பிரெஞ்சு மட்டும்.

முதல் நாளிலேயே அவர் ஒன்று செய்தார். தன் பேச்சைப் பாதி வேகத்துக்குக் குறைத்தார். குரலை உயர்த்தவில்லை. சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசி, முடிந்ததும் என் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பார். நான் தேடித் தேடிச் சொல் கோக்கும்போது குறுக்கே புகுந்து முடித்துவைக்க மாட்டார். அடுப்படியில் நின்றபடி ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்துக் காட்டுவார். முருங்கைக்கீரை, மஞ்சள், ஆட்டுக்கறிக்குப் போடும் மசாலா, பருப்பை அரைத்துச் சுடும் காரவடை. பொருள்கள் எல்லாம் எங்கள் வீட்டுச் சமையலறையில் இருப்பவை, பெயர்கள் மட்டும் புதியவை. கிரெயோல் எனக்கு அந்த அடுப்படியில்தான் வந்தது.

பிப்ரவரியில் புயல் எச்சரிக்கை சிவப்பானது. சிவப்பு என்றால் யாரும் வெளியே கால் வைக்கக் கூடாது. 1966 ஜனவரியில் இந்தத் தீவின் ஃபோக்-ஃபோக் மேட்டில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை கொட்டியது. சென்னைக்கு ஓர் ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையைவிட அது அதிகம். கூவம் கரைபுரண்டதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த எண் வயிற்றைக் கலக்கியது. அந்தம்மா ஜன்னல்களை அடைத்துவிட்டு ஃப்ரீதோம் வானொலியை வைத்தார். நேயர்கள் தொலைபேசியில் அழைத்துத் தங்கள் தெருவில் மரம் விழுந்ததையும் மின்சாரம் போனதையும் சொல்லிக்கொண்டே இருக்கும் வானொலி அது. ஒவ்வோர் அழைப்பு முடிந்ததும் அவர் எனக்காக அதை எளிய பிரெஞ்சில் திருப்பிச் சொன்னார். விடியும் நேரத்தில், அவர் சொல்வதற்கு முன்பே சில அழைப்புகள் எனக்குப் புரிந்தன.

பதிலுக்கு நானும் ஒரு நாள் மெதுவாகப் பேச வேண்டி வந்தது. தெருக்கூத்து வழியில் அங்கே விடிய விடிய நடக்கும் ஆட்டத்தில் அவர் தம்பி பாடுவார். பாட்டு நோட்டில் தமிழ் வரிகள் ரோமன் எழுத்தில் இருந்தன. தந்தை பாடியதைக் கேட்டு மனப்பாடம் செய்தவை, பொருள் முழுதும் தெரியாது. திரௌபதி சபையில் முறையிடும் இடத்தை நான் வரி வரியாகப் படித்து விளக்கினேன். அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை ஆண்டுகள் வெறும் ஓசையாகக் காத்துவந்த ஒன்று, அன்று அவர்களோடு பேசியது. அவசரமாகச் சொல்லிக் கடந்திருந்தால் அது அவர்களைச் சேர்ந்திருக்காது.

ஊர் திரும்புமுன் கிராந்த் ஷலூப்புக்குப் போனேன். கப்பலில் வந்த ஒப்பந்தக் கூலிகளை நோய்த்தொற்றுக்கு அஞ்சித் தனித்து வைத்த கட்டடங்கள், கடலோரப் பள்ளத்தாக்கில் இன்றும் இருக்கின்றன. 1848 டிசம்பர் 20இல் தீவில் அடிமைமுறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடினார்கள். புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் மக்கள் ஏற்றப்பட்டார்கள். பிரிட்டனோடு பிரான்ஸ் செய்த 1860, 1861 உடன்படிக்கைகளுக்குப் பிறகு பிரிட்டிஷ் இந்தியாவிலும் ஆளெடுக்க வழி திறந்தது. ஒப்பந்தம் 5 ஆண்டு. கொடுமைகள் பற்றிப் புகார்கள் குவிந்து, 1877இல் பிரிட்டனும் பிரான்சும் கூட்டு விசாரணைக் குழு அமைத்தன. 1882இல் ஆளெடுப்பு நின்றது. அதற்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் வந்துவிட்டார்கள்.

அங்கே நின்றபோது சவுக்கடியைவிட ஒப்பந்தத் தாளே என்னை அதிகம் வருத்தியது. படிக்கத் தெரியாத மொழியில் கைரேகை வைத்தவர், கூலி பிடித்தமானால் யாரிடம் கேட்டிருப்பார்? காய்ச்சல் என்று எப்படிச் சொல்லியிருப்பார்? எனக்கு ஒரு வீட்டு உரிமையாளர் கிடைத்தார். என்னிடம் கடவுச்சீட்டும் திரும்ப டிக்கெட்டும் இருந்தன. அவ்வளவு இருந்தும் நான் ஊமையாகிப் போனேன். அவர்களிடம் எதுவும் இல்லை.

நூம்பலுக்கு வந்த பிறகுதான் என் தெருவை முழுதாகப் பார்த்தேன். வேலப்பன்சாவடியைச் சுற்றி எழும் அடுக்குமாடிகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் சாரம் கட்டுகிறார்கள். கிடங்குகளில் சுமை இறக்குகிறார்கள். சிறு வயதிலிருந்தே பார்த்த முகங்கள். மருந்துக்கடையில் ஓர் இளைஞர் கைக்குழந்தையோடு நின்றார். எத்தனை வேளை மருந்து என்று அவருக்குப் பிடிபடவில்லை. கடைக்காரர் அதையே உரக்கச் சொன்னார். எனக்கு அந்த அலுவலகம் நினைவுக்கு வந்தது. "அண்ணா, ஒரு தாள் குடுங்க" என்று வாங்கி, சூரியன், உச்சி வெயில், நிலா என்று மூன்று படம் போட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் எத்தனை மில்லி என்று எழுதிக் கொடுத்தேன். அவர் திருப்பிச் சொன்னார். சரியாக இருந்தது. கடைக்காரரும் புரிந்துகொண்டார். இப்போது அவரே படம் போட்டுக் கொடுக்கிறார்.

இதற்கு இந்தி படிக்க வேண்டியதில்லை, ஒடியா படிக்க வேண்டியதில்லை. தமிழையே மெதுவாக, சிறு வாக்கியமாக, குரல் உயர்த்தாமல் பேசினால் போதும். தொகையை விரலால் காட்டலாம், தாளில் எழுதலாம். அவர் தடுமாறும்போது காத்திருக்கலாம். நம் தமிழ் அவர்களுக்கு வருவது அப்படித்தான். பிழைக்கப் போன இடத்திலெல்லாம் நம்மவர்கள் ஏங்கியது இதற்குத்தான். வந்தவர் மொழி கற்கக் காலம் பிடிக்கும். அதுவரை அவருக்குப் புரியும்படி பேசுவது அந்த ஊர்க்காரர்களின் கடமை. நூம்பலில் அந்த ஊர்க்காரர்கள் நாம்.