நாற்பது பாக ஆழம்

எனக்கு நீச்சல் தெரியாது. மீனவக் குப்பத்தில் பிறந்தவள் இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். தரங்கம்பாடிக்குப் பக்கத்தில், வீட்டு வாசலில் இருந்து நூறு அடி நடந்தால் அலை காலில் படும் ஊர் எங்களுடையது. அண்ணனையும் தம்பியையும் ஆறு வயதில் அப்பா தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கடலில் போட்டார். தத்தளித்துக் கற்றுக்கொண்டார்கள். எனக்கு எட்டு வயதில் அம்மா அரிவாள்மனையைக் காட்டினாள். விரலை வெட்டிக்கொண்டு கற்றுக்கொண்டேன்.

மீனைப் பற்றி அம்மாவுக்குத் தெரியாதது கிடையாது. செவுளைத் தூக்கிப் பார்த்தே பிடித்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று சொல்வாள். ஏலத்தில் கூடை கீழே வைக்கப்படும் முன்பே விலையைக் கணித்துவிடுவாள். சும்மாடு கட்டி, கூடையைத் தலையில் ஏற்றி, நாற்றம் என்று பேருந்தில் ஏற்ற மறுத்த நாட்களில் ஏழெட்டு மைல் நடந்து விற்றாள். அந்தக் காசில்தான் நான் நர்சிங் படித்தேன். ஆனால் ஒரு நாளும் அவள் படகில் ஏறியதில்லை. வலையைத் தாண்டக்கூடாது, படகைத் தொடக்கூடாது, தீட்டு நாட்களில் படகு நிற்கும் பக்கமே போகக்கூடாது. “பொம்பள கால் பட்டா பாடு படாது” என்பார்கள். அப்பா கெட்டவர் இல்லை. அவரும் அதைத்தான் சொன்னார்.

நான் முதன்முதலாகப் படகில் ஏறி மீன்பிடிக்கப் போனபோது எனக்கு நாற்பத்தொரு வயது. இடம், கனடாவின் மேற்குக் கரையில், அலாஸ்கா எல்லையை ஒட்டியிருக்கும் பிரின்ஸ் ரூபர்ட்.

செவிலியாக வேலை கிடைத்து அங்கே போயிருந்தேன். மழை விடாத ஊர். என்னோடு இரவுப் பணி பார்த்தவள் ஒருத்தி, என்னைவிட இருபது வயது மூத்தவள், ஜப்பானிய வம்சாவளி. மனதுக்குள் அவளை அக்கா என்றுதான் அழைப்பேன். அவளிடம் பதினெட்டு அடி அலுமினியப் படகு ஒன்று இருந்தது. ஓய்வறையில் நான் கொண்டுவந்த மீன்குழம்பை ருசி பார்த்துவிட்டு, “நீ மீன் பிடிப்பாயா?” என்றாள். “வெட்டுவேன்” என்றேன். “அதைக் கேட்கவில்லை” என்றாள்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள், விடியற்காலை ஐந்து மணிக்குத் துறைக்குப் போனோம். படகு ஏற்றிய இழுவண்டியைப் பின்பக்கமாக ஓட்டி ஒரே வீச்சில் தண்ணீரில் இறக்கினாள். பக்கத்தில் நின்ற ஆள் சிநேகமாகச் சிரித்து, “உங்கள் கேப்டன் எங்கே, இன்னும் வரவில்லையா?” என்று கேட்டார். முப்பது வருடமாக அந்தப் படகை ஓட்டுகிறவள் அவள். “தூங்குகிறார்” என்று சொல்லிவிட்டு மோட்டாரைக் கிளப்பினாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஊர் நினைவும் வந்தது.

நீச்சல் தெரியாது என்பதை நடுவழியில்தான் சொன்னேன். அவள் பதறவில்லை. இந்தத் தண்ணீரின் குளிரில் விழுந்தால் மூச்சு நிதானத்துக்கு வர ஒரு நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம், நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்று ஒரு கணக்குச் சொன்னாள். “நீச்சல் வீராங்கனைக்கும் அதே பத்து நிமிடம்தான். மிதவைச் சட்டையின் வாரை இறுக்கு.” கடல் ஆண், பெண் பார்ப்பதில்லை என்று யாரும் எனக்கு இத்தனை கறாராகச் சொன்னதில்லை.

முதலில் சால்மன். படகை மெல்ல ஓட்டிக்கொண்டே தூண்டிலை இழுத்துப் போக வேண்டும். கனமான ஈயக்குண்டு கம்பியில் இறங்கும். நம் தூண்டில் நரம்பை அதில் ஒரு கிளிப்பில் மாட்டிவிட்டால் வேண்டிய ஆழத்தில் இரை நிற்கும். இரைக்கு முன்னால் பளபளக்கும் ஒரு தகடு, திரும்பித் திரும்பி மின்னும். மீன் கடித்ததும் நரம்பு கிளிப்பில் இருந்து விடுபட, வளைந்திருந்த கழி விருட்டென்று நிமிரும். சால்மன் தூண்டிலின் முள்ளில் எதிர்க்கொக்கி இருக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். நரம்பு கொஞ்சம் தளர்ந்தாலும் மீன் போய்விடும். அப்படி இரண்டு போயின. மூன்றாவதாக ஒரு கோஹோ வந்தது. அதன் செவுளை அறுத்து ரத்தம் வடியவிட்டபோது அக்கா என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “இதை எனக்கு நீதான் சொல்லித்தர வேண்டும் போலிருக்கிறது” என்றாள்.

ஹாலிபட்டுக்குக் காத்திருக்க வேண்டும். அந்தக் கரையில் கடல் ஏறி இறங்கும் அளவு சில நாட்களில் இருபது அடிக்கும் மேல். எங்கள் ஊரில் இரண்டு அடி இருந்தால் அதிகம். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே நீரோட்டம், அப்பா மொழியில் நீவாடு, சற்று நேரம் அடங்கும். அந்த இடைவெளியில்தான் தூண்டில் தரையில் நிற்கும். கருவியில் 240 அடி காட்டியது. நான் அதை நாற்பது பாகம் என்று மாற்றிக்கொண்டேன். ஆறடிக்கு ஒரு பாகம் என்று அப்பாவும் மாமாக்களும் திண்ணையில் பேசக் கேட்டது. யாரும் எனக்காகச் சொன்ன கணக்கு இல்லை அது.

ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான ஈயம், வளைந்த முள், இரையாக ஹெர்ரிங் மீன். ஈயம் தரையில் தட்டியது கைக்குத் தெரிந்தது. “கடித்தால் வெடுக்கென்று இழுக்காதே. வட்ட முள் அது. மீன் திரும்பும்போது தானாக வாயோரத்தில் மாட்டிக்கொள்ளும். நீ நிதானமாகச் சுற்று.”

முதலில் வந்தது சின்னது, எண்பது சென்டிமீட்டர் இருக்கும். மேல்பக்கம் பழுப்பு, அடிப்பக்கம் வெள்ளை, இரண்டு கண்ணும் ஒரே பக்கம். பார்த்ததும் என் வாயில் வந்த சொல் “எருமை நாக்கு.”

எங்கள் ஊரில் அந்தப் பெயரில் ஒரு தட்டை மீன் உண்டு. ஹாலிபட்டுக்குத் தூரத்து உறவு. அதன் அறிவியல் பெயர் செட்டோடஸ் எருமெய். 1801இல் ஐரோப்பாவில் அச்சான ஒரு மீன் நூலில், தரங்கம்பாடியில் இருந்து போன மீனை வைத்து அந்தப் பெயரை இட்டார்கள். பெயர் சூட்டியவர்களின் பெயர்கள் புத்தகத்தில் இருக்கின்றன. “இதுக்குப் பேரு எருமை நாக்கு” என்று முதலில் சொன்ன வாய் யாருடையது? கரையில் மீனைப் பிரித்து, பெயர் சொல்லி விற்பவர்கள் எங்கள் ஊரில் பெண்கள்தான். யாரோ ஒரு கிழவியாக இருக்கலாம் என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது.

இரண்டாவது மீன் கடித்தபோது பாறையில் மாட்டிவிட்டது என்றே நினைத்தேன். பிறகு பாறை நகர்ந்தது. இருபது பாகம் மேலே கொண்டுவந்தால் மறுபடி தரைக்கே போய்விடும். தோள் எரிந்தது. முக்கால் மணி நேரம் கழித்து பச்சைத் தண்ணீரில் ஒரு கதவைப் போல மேலே வந்தாள். “வந்தாள்” என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஹாலிபட்டில் ஆண் மீன் பெரிதாக வளர்வதில்லை. நூறு பவுண்டைத் தாண்டியவை ஏறக்குறைய எல்லாமே பெண்கள். முதல்முறை சினைப்படவே சராசரியாகப் பன்னிரண்டு வயது ஆகும். ஐம்பது பவுண்டு மீன் ஐந்து லட்சம் முட்டை இட்டால், இருநூற்றைம்பது பவுண்டுக்காரி நாற்பது லட்சம் இடுவாள்.

படகின் விளிம்பில் ஒட்டியிருந்த அளவுகோலில் அவள் நூற்றைம்பது சென்டிமீட்டரைத் தாண்டினாள். நாற்பத்தைந்து கிலோ இருக்கலாம். அந்தக் கரையில் பொழுதுபோக்குக்குப் பிடிப்பவர்கள் வைத்துக்கொள்ள ஓர் உச்ச நீளம் உண்டு. அளவு ஆண்டுக்கு ஆண்டு மாறினாலும், இவள் அதற்கு மிக அதிகம். விட்டாக வேண்டும். சட்டம் இல்லாவிட்டாலும் இவ்வளவு பெரிய ஹாலிபட்டைச் சின்னப் படகுக்குள் உயிரோடு ஏற்றுவது புத்திசாலித்தனம் இல்லை. ஓர் அடியில் காலை உடைத்துவிடும். அக்கா நீளக் கொக்கியால் முள்ளைத் திருப்பி எடுத்தாள். தட்டை மீனுக்குக் காற்றுப்பை கிடையாது. எத்தனை ஆழத்தில் இருந்து வந்தாலும் வயிறு உப்பாமல் திரும்பிப் போக முடியும். ஒரு கணம் படகோடு மிதந்தாள். வாலை ஒரு முறை அசைத்தாள். அவ்வளவுதான்.

நான் அழுதுகொண்டிருந்தேன். சோர்வு என்று அக்கா நினைத்திருக்கலாம்.

எனக்கு நினைவில் வந்தது சித்தி. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, பாடு வாங்கக் கூடையோடு கரையில் நின்றவள். சித்தப்பா ஆழக்கடலில் இருந்தார். சுனாமி அவர் படகுக்கு அடியில் கடந்து போனது அவருக்குத் தெரியவே இல்லை. கரைக்கு வந்து பார்த்தபோது கரை இல்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் இறந்தவர்களில் பெண்கள் 2,406, ஆண்கள் 1,883 என்று ஆக்ஸ்ஃபாம் 2005இல் வெளியிட்ட குறிப்பு சொல்கிறது. சேலை காலைச் சுற்றியது, கூந்தல் முள்ளில் மாட்டியது, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், நீந்தத் தெரியாது. பத்திரம் என்று சொல்லித்தான் எங்களைக் கரையில் வைத்தார்கள்.

திரும்பும் வழியில் இதை அக்காவிடம் சொன்னேன். அவள் தன் பாட்டியைப் பற்றிச் சொன்னாள். பக்கத்தில் போர்ட் எட்வர்டில் 1889இல் தொடங்கிய சால்மன் டப்பா ஆலை இருக்கிறது, இப்போது அருங்காட்சியகம். அங்கே பழங்குடிப் பெண்களும் ஜப்பானியப் பெண்களும் மீனைக் கழுவி, வெட்டி, டப்பாவில் அடைத்தார்கள். குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு குளிர்ந்த தண்ணீரில் நின்ற பாட்டியும் அவர்களில் ஒருத்தி. தாத்தா படகில் போனார். 1941 டிசம்பரில் ஜப்பானிய வம்சாவளியினரின் ஏறத்தாழ 1,200 படகுகளை அரசு பறிமுதல் செய்தபோது அவருடையதும் போயிற்று. அடுத்த ஆண்டு குடும்பத்தையே கரையை விட்டு வெளியேற்றினார்கள். 1949 வரை திரும்பிவர அனுமதி இல்லை. “படகு போன கணக்கு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பாட்டியின் வேலை போன கணக்கை யாரும் வைத்திருக்கவில்லை. இந்தப் படகை வாங்கியபோது நான் அவளைத்தான் நினைத்தேன்” என்றாள்.

எங்கள் இருவரின் கதையும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். அவர்கள் இழந்தது வேறு. நான் போனது உறைபெட்டியை நிரப்ப, என் அப்பா போனது பிழைப்புக்கு. ஆனாலும் இரண்டு கரையிலும் கத்தி எங்கள் கையில் இருந்தது, படகு எங்கள் கையில் இல்லை.

அன்றிரவு அம்மாவிடம் பேசினேன். ஊரில் அப்போது விடிந்திருந்தது. சொன்னால் திட்டுவாள் என்று பயந்தேன். அவள் கேட்டது வேறு.

“எத்தன பாகம்?”

“நாப்பதும்மா.”

“ஈயம் தரையில தட்டுனது கையில தெரிஞ்சிச்சா?”

“தெரிஞ்சிச்சு.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. “ஒங்கப்பா சொல்லுவாரு. எப்டி இருக்கும்னு நான் நெனச்சுப் பாப்பேன்” என்றாள். பிறகு, “அந்தப் பெரிய மீனு பொட்டையா? விட்டது நல்லதுதான். சினைக்காரி” என்றாள். போனை வைக்கும் முன், “நீச்சல் பழகிக்கடி. சட்டையை நம்பாத” என்றாள்.

இப்போது செவ்வாய்க்கிழமைதோறும் ஊர் நீச்சல்குளத்துக்குப் போகிறேன். வகுப்பில் என்னைத் தவிர எல்லோரும் ஏழு வயதுக்குள். நேற்று முதன்முறையாக முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துப் பத்து எண்ணினேன்.