ஆசையும் நான்கு தந்திகளும்

நாற்பதைத் தாண்டிய நமக்குச் சில மாதங்களாக ஒரு பாஸ் கித்தார்மீது மோகம் பிடித்திருக்கிறது. அமெரிக்கரான லியோ பெண்டர் 1951-ல் விற்பனைக்குக் கொணர்ந்து உலகெங்கும் பரவச் செய்த மின்சார வாத்தியம் அது. நான்கே தந்திகள். பாட்டின் அடியில் மறைந்து நின்று அதைத் தாங்குவதே அதன் தொழில். இளையராஜாவின் பாடல்களைக் கூர்ந்து கேட்டவர்கள் அதன் மகிமையை அறிவார்கள்.

அந்நிய வாத்தியமாயிற்றே என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. பிடிலும் கடல் கடந்து வந்ததுதான். பாலுஸ்வாமி தீட்சிதர் (1786–1858) போன்றோர் அதை முறையாகப் பயின்றார்கள்; அந்த உழைப்பினால் அது நமதாயிற்று.

இங்கேதான் நாம் தயங்கினோம். தாராபுரத்திலிருந்து கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறி, ஒரு மாத மளிகைப் பணத்தைக் கொடுத்தால் வாத்தியம் கிடைத்துவிடும். தினம் ஒரு மணி நேரச் சாதகம் எந்தக் கடையில் கிடைக்கும்? விடைத்தாள் கட்டுகளின் அருகே தூசி படிந்து அது நிற்குமானால், சங்கீதத்துக்கு நாம் செய்யும் அபசாரமன்றோ!

பையனின் சாதாரணக் கித்தார் வீட்டில் இருக்கிறது. அதன் தடித்த நான்கு தந்திகளும் அதே ஸ்வரங்கள்தாம். ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும், அவ்வளவே. ஆறு மாதம் நம் விரல்கள் அவற்றில் பழகட்டும். அதன் பிறகும் ஆசை நிலைக்குமாயின், பஸ் ஏறுவோம்.