மூடி கழற்றாத பேனா

மனநல ஆலோசகர் தேர்வு மையத்தில் எழுதி அழிக்க ஒரு பலகையும் மார்க்கரும் தருவார்கள், மார்க்கரின் மூடியைத் திறந்ததும் எழுகிற நெடி என்னை ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீஸ் வாசலுக்குக் கொண்டுபோய்விடும், வேப்பமரத்தடியில் சாய்வு மேசை போட்டு மனு எழுதிய தாத்தாவின் பக்கத்தில் கைநாட்டு வைக்கிற ஊதா மையும் கோந்தும் இருக்கும், வெயில் ஏற ஏற இரண்டும் சேர்ந்து மணக்கும்.

யார் வந்து உட்கார்ந்தாலும் தாத்தா உடனே பேனா மூடியைக் கழற்ற மாட்டார், பட்டாவோ வரப்புத் தகராறோ, வந்தவர் சொல்லி முடிக்கிறவரை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்பார். நிலம் கைவிட்டுப்போன ஒரு பெண், பருத்திக்கு அடிக்கிற மருந்தைக் குடிச்சிரப்போறேன் என்றபோது, "மருந்து இப்ப எங்க இருக்கு தாயி, வீட்ல யாரு இருக்கா?" என்று கேட்டு, டீக்கடைப் பையனைச் சைக்கிளில் அனுப்பி டப்பாவை அப்புறப்படுத்தச் சொல்லி, அவன் திரும்புகிறவரை அவளைப் போகவிடாமல் பேசிக்கொண்டிருந்தார், மனுவை மறுநாள்தான் எழுதினார்.

அமெரிக்காவில் மனநல ஆலோசகர் உரிமத்துக்கு எழுதும் என்.சி.இ. தேர்வின் பல கேள்விகள் கேட்பதும், முதலில் கேட்டுப் பிறகு செய்கிற இந்த வரிசையைத்தான். நான்கு விடைகளில் இரண்டைச் சுலபமாகத் தள்ளிவிடலாம், மிஞ்சும் இரண்டுமே சரியாகத் தோன்றும், 'முதலில்' என்ன செய்வீர்கள் என்கிறார்களா, 'அடுத்து' என்கிறார்களா என்று பார்த்தால்தான் வழி பிறக்கும். தற்கொலை எண்ணத்தைச் சொல்கிற ஒருவரை மருத்துவமனைக்கு அனுப்புவதும் குடும்பத்துக்குத் தெரிவிப்பதும் தேவைப்படலாம், ஆனால் திட்டம் இருக்கிறதா, கைக்கெட்டும் இடத்தில் என்ன இருக்கிறது என்று அவரிடமே கேட்பது அவற்றுக்கு முன்னால் வரும்.

சாயங்காலம் வீட்டுத் தாழ்வாரத்தில், பாட்டி பால் காய்ச்சும் வாசனைக்கு நடுவே, மறுநாள் கொடுக்கவேண்டிய மனுக்களைத் தாத்தா விரல் வைத்து வாய்விட்டு இரண்டு தரம் படிப்பார், ஒரு 'இல்லை' விட்டுப்போனால் நிலமே போய்விடும் என்பார். 'எது பொருந்தாது' என்று முடிகிற கேள்விகளை இன்றும் அப்படித்தான் படிக்கிறேன்.

இப்போதோ தேர்வுப் பயிற்சிச் செயலிகள் வந்துவிட்டன, நீளமான விடையைத் தேர்ந்தெடு, தெரியாவிட்டால் 'சி' போடு என்று சூத்திரம் சொல்கின்றன, கேள்விக்குள் இருக்கும் மனிதரை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. தவறான விடைக்கு மதிப்பெண் கழிவதில்லை, அதனால் எதையும் காலியாக விடாதே என்கிற ஒன்றை மட்டும் ஏற்கிறேன். 200 கேள்விகளில் மதிப்பெண்ணில் சேராத சோதனைக் கேள்விகள் 40, அவை எவை என்று தெரியாது, ஆகவே விநோதமாக ஒன்று வந்தால் கலங்கவும் வேண்டாம்.

என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளை விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு கேள்வியை மட்டும் படிக்கச் சொல்கிறேன், கேள்வியில் வருகிறவர் யார், என்ன வயது, முதல் அமர்வா பத்தாவது அமர்வா என்று தேடச் சொல்கிறேன், முதல் அமர்வு என்றால் அறிவுரை சொல்லும் விடையைப் பெரும்பாலும் அப்போதே அடித்துவிடலாம்.