24-இல் 1 பங்கு

ஜப்பானின் ஷிசுவோக்கா நகரத்தைச் சேர்ந்த தமியா நிறுவனம் 1970களில் ஒரு போர்ஷே 911 காரை விலைக்கு வாங்கி, அக்கக்காகக் கழற்றி, பாகம் பாகமாக அளந்தது. அந்த வேலையின் பின்னால் இருந்தவர் ஷுன்சாகு தமியா. 1976-இல் வந்த 1/12 அளவு போர்ஷே 934 மாடல் கிட் அந்த உழைப்பில் பிறந்தது. அதே ஆண்டு, அதே காரை ரேடியோவால் ஓட்டும் வடிவிலும் விட்டார்கள். அந்நிறுவனத்தின் முதல் ரேடியோ கார் அதுதான். ஒரு பொம்மைக்காக நிஜக் காரையே பிரித்துப்போட்ட அந்த மனிதர் 2025 ஜூலையில், 90 வயதில் மறைந்தார். அவர் மீது எனக்குள்ள மதிப்பு, 934-ஐக் கட்டக் கட்டக் கூடியதே தவிரக் குறையவில்லை.

நான் கட்டுவது 1/24 அளவு. முடிந்தபின் கார் ஒரு சாண் நீளம்கூட இராது. 934 பந்தயக் கார்தான், ஆனாலும் சாலையில் ஓடும் 911 டர்போவின் உடம்பு அதற்கு. அது ஓடிய குரூப் 4 பந்தயப் பிரிவின் விதிகள் குறைந்தபட்ச எடையை வரையறுத்திருந்ததால், மின்சார ஜன்னல்களைக்கூட அதில் விட்டுவைத்தார்கள். அகலமான டயர்களை மூட மட்கார்டின் மேல் தனி வளைவுகளை வைத்து முடுக்கினார்கள். வீடும் போர்க்களமும் கலந்த அந்த முகம்தான் என்னை இழுத்தது.

மாடல் கட்டும் வேலையின் உயிர்நாடி தடிமன். கிட்டில் 1 மி.மீ. என்றால் நிஜக் காரில் 24 மி.மீ. பிளாஸ்டிக்கில் வார்த்த சீட் பெல்ட்டைப் பாருங்கள்: நிஜத்தில் அப்படியிருந்தால் அது பெல்ட் அல்ல, பலகை. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, மாஸ்கிங் டேப்பில் மெல்லிய பட்டை நறுக்கி, வண்ணம் தீட்டி, இருக்கையில் துவண்டு கிடக்கும்படி மடித்து ஒட்டுவேன். துவளவில்லையென்றால் பெல்ட்டாகத் தெரியாது. ஸ்பார்க் பிளக் வயர் நிஜத்தில் 7 மி.மீ. கனம்; இங்கே 0.3 மி.மீ. பழைய ஹெட்போன் வயரைப் பிரித்தால் அந்தக் கனத்தில் ஏதாவது கிடைக்கும். கதவு இடுக்குகளை வண்ணம் பூசுவதற்கு முன்பே ஊசிமுனைக் கருவியால் ஆழமாக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பூச்சு அவற்றை மூடிவிடும். பூச்சும் இதே கணக்குக்குள்தான் வருகிறது: 0.1 மி.மீ. ஏறினாலே நிஜக் காரில் 2.4 மி.மீ. பூசியதற்குச் சமம். அதனால்தான் ஒரே தடவையில் முடிக்காமல், மெல்லிசாகப் பல தடவை அடிக்கிறோம்.

யேகர்மைஸ்டர் என்ற மதுபானத்தின் விளம்பரத்தோடு ஓடிய 934-இன் ஆரஞ்சு பெயர்பெற்றது. அந்த நிறம் தனியாக நிற்காது. அடியில் வெள்ளைப் பிரைமர் இருந்தால்தான் பளிச்சென்று எழும். சாம்பல் பிரைமர் மேல் அடித்தால் மங்கிப்போகும். நம் ஐப்பசி மழையில் லாக்கர் வண்ணத்தின் பக்கமே போகக் கூடாது. காற்றிலுள்ள ஈரம் படிந்து மேல்பூச்சு பால்போல் வெளுத்துவிடும். வெயில் வரும்வரை எஞ்சினையும் உள்பக்கத்தையும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

கிட்டை விருப்பப்படி மாற்றுவதிலும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பிடித்த சக்கரம், பிடித்த நிறம், கடையில் கிடைத்த உலோகத் துணுக்கு என்று ஏற்றிக்கொண்டே போவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. ஒரு குறிப்பிட்ட கார், ஒரு குறிப்பிட்ட பந்தயம், அன்றைய புகைப்படங்கள்: இவற்றைப் பார்த்துத்தான் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவெடுப்பேன். அன்று அந்தக் காரில் இல்லாத விளக்கு என் மாடலிலும் இருக்காது. கிட் செய்தவர்கள் ஒரு காரை அவ்வளவு உற்றுப் பார்த்திருக்கும்போது, நாமும் அந்த அளவுக்குப் பார்க்கக் கடன்பட்டிருக்கிறோம்.

தொடங்க நினைப்பவர்கள் 1/24 அளவில் ஒரு சாதாரண சாலைக் காரை எடுத்துக்கொள்ளுங்கள். ஏர்பிரஷ் பிறகு வரட்டும். பாகங்களை வெட்டியெடுக்க நல்ல நிப்பரையும், 400 முதல் 2000 கிரிட் வரையிலான உப்புத்தாள்களையும் முதலில் வாங்குங்கள். லாக்கர் அடிக்கும்போது ஜன்னல்களைத் திறந்து வைத்து, ரசாயன ஆவியைத் தடுக்கும் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.