மேசை மேல் ஒரு சிக்கல், பக்கத்தில் ஒரு புத்தகம்

புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் ஓரிரு மாதம் கழித்து என்னிடம் வந்து கேட்பார்கள்: "அண்ணா, எந்தப் புக் படிச்சா நல்ல டெவலப்பர் ஆகலாம்?" பட்டியல்தான் வேண்டும் அவர்களுக்கு. இணையத்தில் பட்டியலுக்குப் பஞ்சமில்லை. எல்லாவற்றிலும் அதே பத்துப் பன்னிரண்டு பெயர்கள்தான் வரும், பெரும்பாலும் நல்ல பெயர்களே. ஆனால் நான் பட்டியல் கொடுப்பதில்லை. "இப்ப எதுல மாட்டிக்கிட்டு நிக்கிற? அதைச் சொல்லு முதல்ல" என்று கேட்பேன். இந்தத் தொழிலில் என்னை நிமிர்த்திய புத்தகங்கள் எல்லாமே, அவை பேசும் சிக்கல் என் மேசைக்கு வந்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டன.

பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவன் நான். கல்லூரியில் முதல் வருடமே சி மொழி வந்தது. வகுப்பில் எல்லோர் கையிலும் பாலகுருசாமியின் புத்தகம் இருக்கும். அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் அவர். தேர்வு எழுதி முடிக்க அந்தப் புத்தகம்தான் எனக்குத் துணை. நூலகத்தில் இன்னொரு புத்தகமும் இருந்தது, பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதிய 'தி சி புரோகிராமிங் லாங்குவேஜ்'. முதல் பதிப்பு 1978இல் வந்தது, இரண்டாம் பதிப்பு 1988இல். ரிட்சி அந்த மொழியை உருவாக்கியவரே. இரண்டாம் பதிப்பும் 300 பக்கத்துக்குள் அடங்கிவிடும். தடித்த ஆங்கிலப் புத்தகங்களைப் பார்த்தாலே மிரண்டுபோகும் எனக்கு, அது மெலிதாக இருந்ததே போதுமான காரணமாகப் பட்டது.

ஒரு பத்தியைப் படிப்பேன், பாதிதான் புரியும். அடுத்து வரும் புரோகிராமை வரி விடாமல் தட்டச்சு செய்து ஓட்டிப் பார்ப்பேன். அது என்ன செய்கிறது என்று கண்ணெதிரே தெரிந்த பிறகு அதே பத்திக்குத் திரும்பினால் ஆங்கிலம் தானே வழிவிடும். தமிழ்வழியில் படித்த பலருக்கு இது தெரிவதில்லை. கணினிப் புத்தகத்தில் மொழி உங்களைக் கைவிட்டாலும் நிரல் கைவிடாது. கதைப் புத்தகத்தில் இந்த வசதி கிடையாது.

அந்த நூலின் முதல் அத்தியாயத்திலேயே, ஒரு கோப்பில் எத்தனை வரி, எத்தனை சொல், எத்தனை எழுத்து என்று எண்ணும் சின்ன புரோகிராம் வரும். நான் அதில் 'அம்மா' என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன். எழுத்து எண்ணிக்கை 3 என்று எதிர்பார்த்தேன். வரி முடிவுக்கான ஒன்றைக் கழித்த பிறகும் 15 என்று வந்தது. புத்தகத்தில் இதற்கு விடை இல்லை, இருக்கவும் வாய்ப்பில்லை. கென் தாம்சனும் ராப் பைக்கும் யுடிஎஃப்-8 முறையை வகுத்தது 1992இல், புத்தகத்தின் இரண்டாம் பதிப்புக்கு நான்கு வருடம் கழித்து. தேடியபோது விளங்கியது: அ, ம, புள்ளி, ம, கால் என்று யூனிகோடில் அது ஐந்து குறியீடு. யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். ஐந்தை மூன்றால் பெருக்கினால் 15.

இந்தப் பாடம் பல வருடம் கழித்து வேலையில் கைகொடுத்தது. ஒரு பில்லில் 'முத்துலட்சுமி' என்ற பெயர் 'முத்துலட்ச' என்றே அச்சாகிக்கொண்டிருந்தது. அச்சுப்பொறியின் கோளாறு என்று ஆளுக்கொரு பக்கம் தேடினார்கள். பெயருக்கு 30 இடம் என்று ஒதுக்கியிருந்தார்கள், ஆனால் அது 30 பைட். அதில் பத்துக் குறியீடுதான் கொள்ளும். முத்துலட்சுமிக்குப் பதின்மூன்று வேண்டும். பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சின்ன புரோகிராமை நான் வெறும் கண்ணால் படித்துவிட்டுப் போயிருந்தால் தெரிந்திருக்காது.

கோயம்புத்தூரில், நூற்பாலைகளுக்குச் சம்பளக் கணக்கு மென்பொருள் செய்து தரும் சிறிய நிறுவனத்தில் முதல் வேலை. ஓவர்டைம் கணக்கிடும் பகுதியை என்னிடம் கொடுத்தார்கள். மொத்தமும் ஒரே ஃபங்ஷன், திரையைத் தள்ளத் தள்ள முடியாமல் நீளும். எழுதியவர்கள் யாரும் அங்கே இல்லை. "இதைத் தூக்கிப் போட்டுட்டு புதுசா எழுதிடலாங்க்கா" என்றேன் டீம் லீடிடம். அவர் மறுத்துப் பேசவில்லை. அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். மைக்கேல் ஃபெதர்ஸ் 2004இல் எழுதிய 'வொர்க்கிங் எஃபெக்டிவ்லி வித் லெகசி கோடு'. "கைய வெக்கறதுக்கு முன்னாடி இது இப்ப என்ன பண்ணுதுன்னு எழுதி வெச்சுக்கோங்க தம்பி. என்ன பண்ணோணுங்கறத அப்பறம் பாத்துக்கலாம்."

புத்தகத்தின் அடிப்படைச் செய்தியும் அதுதான். டெஸ்ட் இல்லாத நிரல் எதுவானாலும் ஃபெதர்ஸ் கணக்கில் அது பழைய நிரல்தான், நேற்று எழுதியிருந்தாலும் சரி. அதைத் திருத்தும் முன், இன்று அது கொடுக்கும் விடையை அப்படியே பதிவுசெய்யும் டெஸ்டுகளை எழுது என்கிறார். அந்த விடை சரியா தவறா என்ற கேள்வியே முதலில் வேண்டாம்.

அப்படி எழுதியபோது ஒன்று வெளிப்பட்டது. அந்த ஃபங்ஷன் ஒவ்வொரு நாளின் ஓவர்டைம் தொகையையும் முழு ரூபாயாக்கிவிட்டுப் பிறகு கூட்டியது. ஒரு நாளைக்கு 62 ரூபாய் 60 காசு என்றால் 63. 26 நாளுக்கு 1,638 ரூபாய். புதிதாக எழுதும் எவரும் மாதம் முழுவதையும் கூட்டிவிட்டுக் கடைசியில்தான் முழுமையாக்குவார்கள். அப்படிச் செய்தால் 1,628. தொழிலாளி ஒருவருக்கு மாதம் 10 ரூபாய் குறையும். நாள்தோறும் முழுமையாக்குவது ஆலையில் பேசி முடிவான முறை என்று பிறகு தெரியவந்தது. எந்த ஆவணத்திலும் அது இல்லை, அந்த அழுக்கு நிரலுக்குள் மட்டும் இருந்தது. கல்லூரியில் இந்தப் புத்தகத்தைக் கொடுத்திருந்தால் இருபது பக்கம் தாண்டியிருக்க மாட்டேன். அன்றைக்கு ராத்திரி கீழே வைக்க முடியவில்லை. இந்தத் தொழிலில் வேலை செய்யும் ஒருவருக்கு ஒரே ஒரு புத்தகம்தான் வாங்கித் தரலாம் என்றால் இதைத்தான் வாங்கித் தருவேன். நம்மில் பெரும்பாலோர் செய்வது புதிதாகக் கட்டும் வேலை இல்லை, பிறர் எழுதியதைப் பராமரிக்கும் வேலை. அந்த வேலைக்கு மரியாதை கொடுத்துப் பேசும் புத்தகங்கள் மிகக் குறைவு.

பிரெட் புரூக்ஸின் 'தி மித்திக்கல் மேன்-மந்த்' வேறு மாதிரி வந்து சேர்ந்தது. பிறகு சேர்ந்த ஒரு நிறுவனத்தில் ஐந்து பேர் கொண்ட அணியில் இருந்தேன். வேலை தாமதமானது. மேலிடம் உதவிக்கு இன்னும் ஐந்து பேரை அனுப்பியது. தாமதம் கூடியது. புதியவர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் பழைய ஐந்து பேரின் பொழுதும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதிலேயே போயிற்று. புரூக்ஸ் ஐபிஎம் நிறுவனத்தில் ஓஎஸ்/360 என்ற மாபெரும் மென்பொருளின் பொறுப்பில் இருந்தவர். அந்த அனுபவத்தை 1975இல் புத்தகமாக்கினார். தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் தாமதம் கூடும் என்பது இன்று அவர் பெயரால் விதியாகவே வழங்குகிறது. ஐந்து பேருக்குள் பேச்சுத் தொடர்பு 10 இணைகள். பத்துப் பேரானால் 45. ஆள் இரண்டு மடங்கு, பேச வேண்டியது நாலரை மடங்கு.

எங்கள் கோபத்தை யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. இந்த எண்களைக் கூட்டத்தில் வைத்தபோது கேட்டார்கள். அடுத்த முறை ஆள் சேர்ப்பதற்குப் பதில் வசதிகளைக் குறைத்து வெளியிடச் சம்மதித்தார்கள். இந்தப் புத்தகத்தை புரோகிராமர்களைவிட மேலாளர்கள்தான் படிக்க வேண்டும். அவர்கள் படிக்காவிட்டால் நாம் படித்துச் சொல்ல வேண்டும், வேறு வழியில்லை.

ஜான் பென்ட்லியின் 'புரோகிராமிங் பேர்ல்ஸ்' 1986இல் வந்தது. வரிசையாக அடுக்கிய பட்டியலில் பாதிப்பாதியாகத் தேடும் பைனரி சர்ச் பற்றி அதில் ஓர் அத்தியாயம் உண்டு. தொழில்முறை புரோகிராமர்களிடம் போதுமான நேரம் கொடுத்து எழுதச் சொன்னார் பென்ட்லி. ஏறத்தாழ 90 சதவீதம் பேர் எழுதியதில் பிழை இருந்தது. பிறகு அவரே படிப்படியாக நிறுவி, சரியான வடிவம் என்று ஒன்றைத் தருகிறார். கதை அங்கே முடியவில்லை. அதே வழியில் எழுதப்பட்ட ஜாவா நூலகத்தின் பைனரி சர்ச்சில் பிழை இருப்பதை, அதை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006இல் பகிரங்கமாக அறிவித்தார். நடு இடத்தைக் கண்டுபிடிக்கத் தொடக்கத்தையும் முடிவையும் கூட்டி இரண்டால் வகுக்கிறோம் அல்லவா, அந்தக் கூட்டலில்தான் பிழை. கூட்டுத்தொகை 32 பிட் எண்ணின் எல்லையான 214 கோடி சொச்சத்தைத் தாண்டினால் எதிர்மறை எண்ணாகிவிடும். முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்து, பாதியாக்கி, தொடக்கத்தோடு கூட்டினால் தப்பிக்கலாம். பென்ட்லியின் புத்தகத்து வடிவத்திலும் இதே குறை உண்டு. இது தெரிந்த பிறகு அந்தப் புத்தகத்தின் மேல் எனக்கு மதிப்பு கூடியதே தவிர குறையவில்லை. நிறுவிக் காட்டியதையும் ஓட்டிப் பார்த்தே நம்ப வேண்டும் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று ஏது?

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பணம் கட்டிய வாடிக்கையாளருக்கு "நிலுவை உள்ளது" என்று திரை காட்டுகிறது, சில வினாடி கழித்துச் சரியாகிவிடுகிறது என்றால், எழுதியது முதன்மை டேட்டாபேஸில், படித்தது பின்தங்கிய நகலில். இந்த வகைத் தலைவலி வரும் நாளில் மார்ட்டின் கிளெப்மனின் 'டிசைனிங் டேட்டா-இன்டென்சிவ் அப்ளிகேஷன்ஸ்' நூலை எடுங்கள், 2017இல் வந்தது. 1994இல் நால்வர் எழுதிய 'டிசைன் பேட்டர்ன்ஸ்' நூலின் 23 வடிவங்களையும் முதல் வருடத்திலேயே மனப்பாடம் செய்யாதீர்கள். தேவையில்லாத இடத்திலெல்லாம் அவற்றைப் புகுத்தத் தோன்றும். டொனால்ட் குனூத்தின் 'தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்' 1968 முதல் தொகுதி தொகுதியாக வந்துகொண்டிருக்கிறது. நான் அதை முழுதாகப் படிக்கவில்லை, தேவைப்படும்போது ஒரு பகுதியைத் திறந்து உட்காருவேன். ஏதோ ஒரு கருவியின் ஏதோ ஒரு பதிப்பைப் பற்றிய புத்தகங்களுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். அடுத்த பதிப்பு வந்ததும் அவை பழசாகிவிடும். அந்தக் கருவியின் சொந்த ஆவணமே போதும்.

செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தரும்போது இதெல்லாம் எதற்கு என்று இப்போது கேட்கிறார்கள். அது எழுதித் தருவதைச் சரி என்றோ தவறு என்றோ சொல்ல ஒருவர் வேண்டுமே. நாள்தோறும் முழுமையாக்கும் அந்த ஓவர்டைம் வழக்கம் ஆவணத்திலேயே இல்லாதபோது, எந்தக் கருவிக்கு அது தெரிந்திருக்கும்? எழுதும் சுமை குறையக் குறைய, படித்துத் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு கூடுகிறது. அதற்குத்தான் புத்தகம்.

தமிழ்வழியில் படித்துவிட்டு வரும் தம்பி தங்கைகளுக்கு: கெர்னிகன், ரிட்சி நூலிலிருந்து தொடங்குங்கள், ஒரு புரோகிராமையும் தட்டச்சு செய்யாமல் தாண்டாதீர்கள். விலை அதிகமாகப் பட்டால் நூலகத்தில் கேட்டு வாங்குங்கள். தொடக்கநிலைக்கு 'கணியம்' போன்ற முயற்சிகள் தமிழிலேயே இலவச மின்னூல்கள் தருகின்றன. ஆனால் பழைய நிரலைப் பராமரிப்பது பற்றி, தாமதமான வேலையை மீட்பது பற்றி, நம் ஊர் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் ஓடும் மென்பொருளை உதாரணமாக வைத்து எழுதிய ஒரு முழு நூல் தமிழில் என் கண்ணில் படவில்லை. பத்து வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருப்பவர்களே, அதை எழுத உட்காருங்கள்.